கடைக் கணக்கும் வகுப்பறைக் கணக்கும்



நம் நாட்டில் 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடப்புக்கு வந்தது. 2018 ஜூன் 1-இல் அது சுழியமாக்கப்பட்டு, செப்டம்பர் 1-இல் விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டன. வரி நீங்கினாலும் அதன் கணக்கு நம் வகுப்பறையில் நிலைக்க வேண்டும் என்பேன்.

சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ, ஆண்டு விற்பனை 500,000 வெள்ளியைத் தாண்டிய ஒரு மளிகைக் கடையை எண்ணிப் பாருங்கள். மூன்று மாதத்தில் வரிக்குரிய சரக்கை 80,000 வெள்ளிக்கு வாங்கினால், கட்டிய வரி 4,800. வரி நீங்கலாக 95,000 வெள்ளிக்கு விற்றால், வசூலித்த வரி 5,700. மீதி 900 வெள்ளியை அடுத்த மாத இறுதிக்குள் சுங்கத் துறைக்குச் செலுத்த வேண்டியிருந்தது. அரிசி, சீனிக்கு அன்று விகிதம் சுழியமாக இருந்தது. அவற்றைத் தனியே பிரித்தெழுத வேண்டியிருந்தது.

மாணவர் இடறும் இடம் வேறு. வரியோடு சேர்த்து 106 வெள்ளி என்றால், அதில் வரி எவ்வளவு? 106-இல் 6 விழுக்காடு கண்டு 6.36 என்பர். சரியான விடை 6. எதனுடைய விழுக்காடு என்று கேட்கும் பழக்கம் இல்லாததே காரணம். சூத்திரத்தை மனனம் செய்த பிள்ளை தேர்வில் தேறலாம். கல்லாப்பெட்டியில் உள்ள வரிப்பணத்தை இலாபமென்று எண்ணிச் செலவழித்துவிடும்.

பெற்றோர்களே, உணவகப் பற்றுச்சீட்டில் 6 விழுக்காட்டுச் சேவை வரி இருந்தால் பிள்ளையிடம் கொடுங்கள். மொத்தத் தொகையிலிருந்து வரியைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நாளை கடை வைக்க வேண்டுமெனில், இன்றே கணக்கைப் புரிந்து கற்கட்டும்.