ஒரு புள்ளியின் அமானிதம்



சென்ற மாதம் ஒரு நாள் மக்ரிப் தொழுகையை முடித்துக்கொண்டு பள்ளிவாசலின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தூணோரம் ஒதுங்கி நின்றார். இருபத்திரண்டு வயதிருக்கும். ஐ.டி.ஐ.யில் பயின்று, ஒரகடத்தை அடுத்துள்ள ஒரு சிறிய பட்டறையில் பணிபுரிகிறார். நாள்தோறும் வாலாஜாபாத் வழியாகப் பேருந்தில் சென்று திரும்புகிறவர். அன்று அவர் முகம் வாடிக் கிடந்தது.

"என்ன தம்பி, உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்றேன்.

"ஹஜ்ரத், ஒரு புள்ளி வைக்க மறந்துவிட்டேன். இலட்ச ரூபாய்க்கு மேல் நட்டம். இனி அந்த வேலைக்குப் போவதாக இல்லை" என்றார்.

நான் கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்றவன். இயந்திரங்களைப் பற்றிய ஞானம் எனக்கு இல்லை. ஒரு புள்ளிக்கு இலட்ச ரூபாய் எப்படி நட்டமாகும் என்று விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள அவருடைய வீட்டிற்கே சென்றேன். விளக்கத்தின் முதற்பகுதி அவருடைய அத்தாவின் அறையிலேயே காத்திருந்தது.

அத்தாவின் அட்டை

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியின் ஓசையைக் கேளாமல் வளர்ந்தவர் அரிது. மாணவரின் தந்தை தறியில் அமர்பவர் அல்லர். ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை குத்துகிறவர். முந்தியிலும் கரையிலும் வரவேண்டிய அன்னத்தையும் மாங்காயையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். அந்த வரைதாளைப் பார்த்து இவர் அட்டையில் துளையிடுகிறார்.

அட்டைக்குத் துளை எதற்கு? ஜக்கார்டு பெட்டிக்குள் ஊசிகளும் கொக்கிகளும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் அட்டையும் ஊசிகளின் முன் வந்து அமுங்குகிறது. துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். அதற்குரிய கொக்கி மேலேறி, தன்னோடு பாவு நூலையும் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கொக்கி விலகிக்கொள்ள, நூல் கீழேயே தங்கும். ஊடை ஒரு முறை போவதற்கு ஓர் அட்டை. அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டுச் சுற்றிவர, அன்னம் சேலையில் உருப்பெறுகிறது.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-05 ஆண்டுகளில் உருவாக்கிய முறை இது. அவருக்கு முன்னும் பலர் இவ்வழியில் முயன்றுள்ளனர். ஒரு வேலைக்குரிய கட்டளையை முன்கூட்டியே ஒரு பொருளில் பதித்துவைக்கலாம் என்ற எண்ணமோ அதனினும் பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள், முளைகள் பதித்த உருளை சுழலத் தானே இசைக்கும் குழல் ஒன்றைத் தம் நூலில் விவரித்துள்ளனர். முளையை மாற்றினால் இசை மாறும். துளையை மாற்றினால் அன்னம் மயிலாகும். கருத்து ஒன்றே.

துளையிலிருந்து எண்ணுக்கு

மகன் பணிபுரியும் இயந்திரமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவில் ஹெலிகாப்டரின் சுழல் தகடுகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவர், வளைந்த உருவங்களைக் கையால் துல்லியமாகச் செதுக்க இயலாமல் தவித்தார். வளைவின் ஒவ்வோர் இடத்தையும் எண்களாகக் கணக்கிட்டு, அந்த எண்களைக் கொண்டே இயந்திரத்தை நடத்தினால் என்ன என்று எண்ணினார். அம்முயற்சி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கைக்குச் சென்றது. 1952-இல் துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி இயங்கும் மில்லிங் இயந்திரம் அங்கே இயக்கிக் காட்டப்பட்டது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி இயந்திரத்தைவிடப் பெரியதாக இருந்ததாம்! பின்னர் கணிப்பொறி சிறுத்து, 1970-களில் நுண்செயலி வந்த பின் அது இயந்திரத்தின் பக்கத்திலேயே குடியேறியது. நாடா மறைந்து கட்டளைகள் நினைவகத்தில் அமர்ந்தன. இன்று சி.என்.சி. என்று மூன்றெழுத்தில் அழைக்கப்படுவது இதுவே.

நம் நாட்டில் 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற எச்.எம்.டி. நிறுவனமும், 1962-இல் அதே நகரில் எழுந்த மத்திய இயந்திரக் கருவி ஆய்வு நிலையமும் இத்துறைக்கு அடித்தளமிட்டன. நம் பகுதிக்கு அது கார்த் தொழிலோடு வந்து சேர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களில் உதிரிப்பாகம் கடையும் பட்டறைகள் பெருகின. தறி ஓசை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அங்கே வேலைக்குச் செல்லலாயினர்.

இயந்திரத்தின் உடலும் கண்ணும்

மாணவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டதை இங்கே தருகிறேன்.

இயந்திரத்தின் அடிப்பாகம் கனத்த வார்ப்பிரும்பு. வெட்டும்போது எழும் அதிர்வை உள்வாங்கும் குணம் வார்ப்பிரும்புக்கு உண்டு. அதன்மேல் மேசை நகர்வதற்கான வழித்தடங்கள் இருக்கும். மேசையை நகர்த்துவது ஒரு நீண்ட திருகு. திருகுக்கும் மரைக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருள்வதால் உராய்வு மிகக் குறைவு, ஆட்டமும் இல்லை. திருகைச் சுழற்றுவது சர்வோ மோட்டார். மேசை இடவலமாக நகர்வது எக்ஸ், முன்பின்னாக நகர்வது ஒய், கருவி மேலும் கீழும் செல்வது இசட். இம்மூன்றையும் ஒருசேர நகர்த்தினால் வளைந்த உருவங்கள் பலவற்றைச் செதுக்கலாம்.

மோட்டாரோடு என்கோடர் என்னும் ஒரு கண் பொருத்தப்பட்டிருக்கும். அது மிக நுண்ணிய கோடுகள் இட்ட ஒரு வட்டத்தட்டு. தட்டுச் சுழல, அக்கோடுகளை ஒளி எண்ணிக்கொண்டே இருக்கும். திருகு ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் மேசையை நகர்த்துவதாகவும், அந்தச் சுற்றை என்கோடர் 10,000 பங்காக எண்ணுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகிறது. அதாவது, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! நம் தலைமுடியின் பருமனே ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான் இருக்கும்.

"போ" என்ற கட்டளை மோட்டாருக்குச் செல்கிறது. "இவ்வளவு தூரம் போயிருக்கிறேன்" என்ற விடை என்கோடரிலிருந்து திரும்புகிறது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே திருத்துகிறது. ஜக்கார்டு அட்டைக்கு இந்தக் கண் இல்லை. அங்கே நெசவாளியின் கண்தான் அன்னத்தின் கழுத்து சரியாக வருகிறதா என்று பார்க்கிறது.

இத்தகைய இயந்திரத்தைச் செய்வது எப்படி என்று கேட்டேன். அவர் சொன்ன விடை என்னை வியக்கவைத்தது. உயர்தர இயந்திரங்கள் பலவற்றின் வழித்தடங்களை இறுதியாகச் சமன் செய்வது மனிதனின் கையாம்! அளவுப் பலகையில் நீலச் சாயம் பூசிப் பரப்பின்மேல் வைத்து எடுப்பார்கள். மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அவ்விடங்களை உளியால் மெல்லச் சுரண்டுவார்கள். மீண்டும் சாயம், மீண்டும் சுரண்டல். இவ்வாறு நாட்கணக்கில் நடக்கும். மைக்ரான் அளவுக்கு நகரும் இயந்திரத்தின் பிறப்பிலும் ஒரு பொறுமைசாலியின் கை இருக்கிறது.

எங்கே தவறியது?

இனி அந்தப் புள்ளிக்கு வருவோம். இயந்திரத்திற்குக் கட்டளைகளை எழுத்தும் எண்ணுமாக எழுதுகிறார்கள். 'ஜி00' என்றால் விரைந்து செல். 'ஜி01' என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு செல். 'எம்03' என்றால் கருவியைச் சுழற்று. அதனுடன் எக்ஸ், ஒய், இசட் அளவுகள்.

ஒரு துளையைப் போட்டு முடித்த பின் கருவி 50 மில்லிமீட்டர் உயரத்திற்கு எழும்பி, பக்கவாட்டில் விரைந்து, அடுத்த துளைக்குச் செல்ல வேண்டும். மாணவர் 'இசட் 50' என்று எழுதினார். 50-ஐ அடுத்துத் தசமப் புள்ளி வைத்திருக்க வேண்டும். எல்லா இயந்திரங்களும் அப்படி அல்ல. ஆனால் அந்த இயந்திரம், புள்ளியில்லாத எண்ணை மைக்ரானாகக் கொள்ளும் வகையைச் சேர்ந்தது. எனவே கருவி 50 மில்லிமீட்டருக்குப் பதில் 50 மைக்ரான் மட்டுமே எழும்பியது. ஒரு முடியளவு! அந்நிலையிலேயே பக்கவாட்டில் பாய்ந்தது. இரும்புத் துண்டைப் பற்றியிருந்த கிளாம்பில் முழு வேகத்தோடு மோதியது. கருவி நொறுங்கியது. அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் பழுதாயிற்று.

"கண் இருக்கிறது என்றீரே, அது தடுக்கவில்லையா?" என்றேன்.

"இல்லை ஹஜ்ரத். 50 மைக்ரான் எழு என்றேன், மிகச் சரியாக 50 மைக்ரான்தான் எழுந்தது. என்கோடர் எதைக் குறை சொல்லும்?"

அன்பர்களே, இந்த விடையில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. கட்டளை நிறைவேறியதா என்று இயந்திரம் பார்க்கும். கட்டளை சரியானதா என்று பார்க்காது. அந்தப் பொறுப்பு மனிதனிடமே விடப்பட்டுள்ளது. அது ஓர் அமானிதம்.

புள்ளியின் மதிப்பு நமக்குப் புதிதல்லவே! மதரஸாவில் முதல் வாரமே குழந்தைக்குச் சொல்லித்தருகிறோம். ஒரே வடிவத்தின் கீழே புள்ளி வைத்தால் ஜீம், மேலே வைத்தால் கா, புள்ளியே இல்லையென்றால் ஹா. தமிழிலும் 'பல்' என்பதில் புள்ளியை விட்டால் 'பல' ஆகிவிடுகிறது. இதே மாணவரை நான் எத்தனை முறை, "புள்ளியைப் பார்த்து ஓது" என்று அதட்டியிருப்பேன்! படிப்பவர் தவறினால் திருத்த அருகில் உஸ்தாது இருக்கிறார். இயந்திரத்தின் அருகில் உஸ்தாது இல்லை.

அத்தாவின் பாடம்

அதுவரை பேசாமலிருந்த தந்தை, பரணிலிருந்து ஒரு பழைய அட்டைக் கட்டை இறக்கி மகன் முன் வைத்தார். சில துளைகளின்மேல் காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது.

"இவையெல்லாம் நான் தவறாகக் குத்தியவை" என்றார். "அட்டையைக் கோத்துத் தறிக்கு அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் வரைதாளோடு வைத்து எண்ணுவேன். தவறு என் அறையிலேயே அகப்பட்டுவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தோடு முடிந்தது. சேலையில் அகப்பட்டால் நெசவாளியின் பல நாள் உழைப்புப் போயிற்று. நீ எண்ணிப் பார்த்தாயா?"

மகன் தலைகுனிந்தார். புதிய கட்டளைத் தொகுப்பை முதலில் இரும்புத் துண்டு இல்லாமல், கருவியை உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்ப்பது பட்டறைகளின் வழக்கம். அன்று ஷிப்டு முடியும் அவசரம். அதை அவர் செய்யவில்லை.

"தவறியதற்காக வேலையை விடுவதென்றால், நான் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே விட்டிருக்க வேண்டும்" என்றார் தந்தை.

மறுநாள் மகன் வேலைக்குச் சென்றார். நட்டத்தில் ஒரு பங்கைச் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துக்கொள்ளத் தாமே முன்வந்தாராம். முதலாளி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறார். ஆயினும் இயந்திரத்தின் கதவில் ஒரு சிறு தாளை ஒட்டியிருக்கிறார். அதில் எழுத்தே இல்லை. நடுவில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் இருக்கிறதாம்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். "எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பட்டறைக்கு அனுப்பினாலும் அலுவலகத்திற்கு அனுப்பினாலும், எழுதியதை மறுமுறை படித்துப் பார்க்கும் பழக்கத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். பிள்ளை தவறிவிட்டு வாடிய முகத்தோடு வந்து நிற்கும் நாளில், பரணில் இருக்கும் உங்கள் பழைய அட்டைகளையும் மறைக்காமல் எடுத்துக் காட்டுங்கள்.