ஓட்டையை அடைத்தால் போதுமா? ஷேர்பாயின்ட் ஊடுருவல் சொல்லும் பாடம்

ஊழியர்கள் அலுவலகக் கோப்புகளை இணையம் வழி பகிர்ந்து வேலை செய்ய உதவும் மென்பொருள், மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயின்ட். 2025 ஜூலையில் அதிலிருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை வழியாக ஊடுருவல்காரர்கள் உலகெங்கும் 400க்கும் மேற்பட்ட சர்வர்களுக்குள் நுழைந்ததாக நெதர்லாந்தின் ஐ செக்யூரிட்டி நிறுவனம் கணக்கிட்டது. அமெரிக்காவின் அணு ஆயுதங்களுக்குப் பொறுப்பான அரசு அமைப்பும் தப்பவில்லை.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் அடையாள அட்டை எண், சம்பள விவரம், இபிஎஃப் கணக்கு எண் எல்லாம் முதலாளியின் அலுவலகத்தில், இதுபோன்ற ஏதோ ஒரு மென்பொருளில்தான் இருக்கின்றன. அங்கே கதவு திறந்து கிடந்தால் போவது நம் விவரம்.

இரண்டு முறை போட்ட பூட்டு

2025 மே மாதம் பெர்லினில் நடந்த போட்டியில், வியட்நாமின் விட்டெல் நிறுவன ஆய்வாளர் ஒருவர் இந்த ஓட்டையைச் செய்து காட்டி ஒரு லட்சம் அமெரிக்க டாலர் பரிசு பெற்றார். விவரம் மைக்ரோசாஃப்ட்டுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஜூலை 8ஆம் தேதி திருத்தம் வெளியானது.

ஆனால், அந்தத் திருத்தம் முழுமையாக இல்லை. வழியைச் சற்று மாற்றினால் மீண்டும் நுழைய முடிந்தது. ஜூலை 18ஆம் தேதி தாக்குதல் அலையாகக் கிளம்பியது. 10க்கு 9.8 என்ற அபாய மதிப்பெண் பெற்ற இந்த ஓட்டைக்கு, ஜூலை 20, 21ஆம் தேதிகளில் அவசரத் திருத்தங்கள் வந்தன. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையில் இயங்கும் ஷேர்பாயின்ட் பாதிக்கப்படவில்லை. நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வரில் வைத்து நடத்தியவைதான் சிக்கின.

திருடப்பட்டது சாவி

ஊடுருவியவர்களுக்குப் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தேவைப்படவில்லை. கணக்கிலிருந்து வெளியேறும் பக்கத்திலிருந்து வருவதுபோல் சர்வரை நம்ப வைத்தார்கள். சர்வரும் ஆளைச் சோதிக்காமல் உள்ளே விட்டது. பிறகு அங்கே சிறிய கோப்பு ஒன்றை வைத்தார்கள். அந்தக் கோப்பின் வேலை, சர்வரின் இரகசியச் சாவிகளைப் படித்து வெளியே சொல்வது.

வருகின்ற தகவல் உண்மையானதா என்று சர்வர் சரிபார்ப்பது அந்தச் சாவிகளைக் கொண்டுதான். அவை கையில் இருந்தால், சர்வரே முத்திரை குத்தியதுபோன்ற போலித் தகவலைத் தயாரித்து அனுப்பலாம். ஓட்டையை அடைத்த பின்னரும் அது செல்லும். வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்துக்கொண்ட திருடனை, உடைந்த ஜன்னலைச் சரிசெய்து தடுக்க முடியுமா?

அதனால்தான் திருத்தத்தைப் போட்டதோடு நிற்காமல், சாவிகளை மாற்றி, சர்வரின் இணையச் சேவையை மறுபடி தொடங்கும்படி மைக்ரோசாஃப்ட் அறிவுறுத்தியது. "அப்டேட் செய்துவிட்டோம்" என்ற பதிலோடு திருப்தி அடைந்த அலுவலகம், பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் நிறுவனங்கள் 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெருந்தீங்கு நேரக்கூடும் என்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 250,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால், மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பொதுமக்களின் விவரங்களை அதிகம் வைத்திருப்பவையே அரசு அலுவலகங்கள்தான் என்பதால், இது பேசப்பட வேண்டிய இடைவெளி.

ஷேர்பாயின்ட் 2016, 2019 பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவளிக்கும் காலம் 2026 ஜூலை 14 வரைதான். அதன் பிறகு புதிய ஓட்டை தெரியவந்தால், வழக்கமான திருத்தம் கிடைக்காது. செலவை மிச்சப்படுத்த பழைய பதிப்பிலேயே ஓட்டும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களும் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நம் விவரங்கள் எந்த மென்பொருளில் உள்ளன? அதற்குக் கடைசியாகத் திருத்தம் போட்டது எப்போது? ஊடுருவல் நடந்தால் சாவிகளை மாற்றி, நமக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு யாருடையது? இவற்றைக் கேட்கக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை. விவரம் நம்முடையது என்பதே போதும்.