சப்தம் சொன்ன சேதி

வ. புதுப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மோட்டாரில் போவது இன்பமான பிரயாணம் என்று சொல்ல வேண்டும். வத்திராயிருப்பின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் தாங்கி நிற்கும் அந்தச் சிற்றூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் தென்னந்தோப்பும் கண்ணில் படும். மேற்கே மேகத்தைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு மலைத்தொடர் நிற்கும். கிருஷ்ணன்கோவிலில் மதுரைச் சாலையைப் பிடித்துவிட்டால், சிறிது நேரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் தலை காட்டும். இவ்வளவையும் கண்டு "ஆகா!" என்று ஒரு வார்த்தை சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்!" என்று பதில் சொல்ல வேண்டாமா? என் சித்தப்பாவின் காரில் அது நடவாத காரியம். நான் "ஆகா!" என்றால் அவர், "காபியா? ஊருக்குப் போய்ச் சாப்பிடலாம்" என்பார்.

சித்தப்பாவின் காதில் பழுது ஒன்றும் இல்லை. பழுதெல்லாம் காரில்தான். சக்கரத்தின் இரைச்சல் ஒரு பக்கம், கதவுத் தகட்டின் கடகடப்பு ஒரு பக்கம். இவற்றுக்கெல்லாம் சுருதி போடுவதுபோல அடியிலிருந்து 'ஹும்' என்ற ஒரு முழக்கம். பின்னால் உட்கார்ந்திருக்கும் சித்திக்கு ஒவ்வொரு பிரயாணத்திலும் தலைவலி வந்துவிடும். சில நாட்களில் குமட்டலும் சேர்ந்துகொள்ளும். "கல்யாண வீட்டில் தவுலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது அப்பா! இந்தச் சப்தத்திலே யாருக்குத்தான் தலை வலிக்காது?" என்பாள்.

சித்தப்பாவின் புதல்வன் இதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்து வைத்திருந்தான். சப்தத்தை அடக்கும் ரப்பர்த் தகடுகள் கடையில் கிடைக்கின்றனவாம். அவற்றை வாங்கிக் காரின் உட்புறம் முழுவதும் ஓர் அங்குலம் விடாமல் ஒட்டிவிட்டால் கோயில் கர்ப்பக்கிருகம்போல வண்டி அமைதியாகிவிடுமாம். "நீ என்ன சொல்லுகிறாய்?" என்று சித்தப்பா என்னைக் கேட்டார். இந்தப் பகுதியில் வாரந்தோறும் எதையாவது எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. நான் அதைக் கெடுக்க விரும்பவில்லை. "ஒட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் சப்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்" என்றேன். என்னையும் அறியாமல் நான் சொன்ன அந்த வார்த்தையினால் விளைந்த நன்மையை நேயர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காருக்குள் கேட்கும் சப்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று ஆகாய மார்க்கம். கதவு இடுக்கு, கண்ணாடி ஓரம், தரையிலுள்ள துவாரம் இவற்றின் வழியாகக் காற்றோடு காற்றாக நுழைவது. மற்றொன்று தேக மார்க்கம். சக்கரமும் எஞ்சினும் புகைக் குழாயும் அதிர, அந்த அதிர்ச்சி இரும்புச் சட்டத்தின் வழியே ஏறி வந்து, கதவையும் கூரையையும் தரையையும் மிருதங்கமாக்கி வாசிப்பது. முன்னதற்குத் தடுப்பு வேண்டும். பின்னதற்கு அடக்கம் வேண்டும். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது. பலர் பணத்தைச் செலவழித்துவிட்டு, "சப்தம் அப்படியேதான் இருக்கிறது" என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

அடக்கம் என்பது என்ன? வீட்டில் வெண்கலப் பானையை ஒரு தட்டுத் தட்டுங்கள். 'ணங்' என்று நெடுநேரம் ஒலிக்கும். உடனே அதன்மேல் உள்ளங்கையை வையுங்கள். நாதம் நின்றுவிடும். பானையின் அதிர்ச்சியைக் கையின் சதை வாங்கிக்கொண்டது. கார்த் தகட்டின்மேல் ஒட்டும் ப்யூடைல் ரப்பர் அந்தக் கையின் வேலையைச் செய்கிறது. அதன் மேற்புறத்தில் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று இருக்கும். காரின் தகடு வளைய முயலும்போது மேலேயுள்ள அலுமினியம் வளைய மறுக்கும். நடுவில் அகப்பட்ட ரப்பர் இரு பக்கமும் இழுபட்டு, அதிர்ச்சியின் சக்தியைச் சிறிதளவு உஷ்ணமாக மாற்றிவிடும். தத்துவம் இவ்வளவுதான்.

தோலின்மேல் பசையை அப்பி நாதத்தை மாற்றும் வித்தை நம்மவர்களுக்குப் புதிதல்ல. மிருதங்க வித்வான் கச்சேரிக்கு உட்காரும்போது தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது பாரத்தைக் கூட்டிச் சுருதியைத் தணிப்பதற்காக. வலந்தலையில் உள்ள கறுப்புச் சாதத்தின் மகிமையை ஸர் ஸி. வி. ராமன் 1920-ஆம் வருஷத்திலேயே ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். அங்கே பாரம் சேர்ப்பது நாதத்தை அழகுபடுத்துவதற்கு. இங்கே ரப்பர் சேர்ப்பது நாதத்தையே அணைப்பதற்கு.

ஆகையால் தகட்டை ஓர் அங்குலம் விடாமல் போர்த்த வேண்டும் என்பது தவறான எண்ணம். பானை முழுவதையும் கட்டிப் பிடித்தால்தான் நாதம் நிற்குமா? ஒரு தகட்டின் பரப்பில் கால் பங்கிலிருந்து பாதி வரை, நடுவிலுள்ள தளர்ந்த இடங்களில் ஒட்டினாலே பெரும் பலன் கிடைத்துவிடும். விரலால் தட்டிப் பார்த்து, 'டங்' என்ற இடம் 'டொக்' என்று ஆகும் வரை ஒட்டினால் போதும். அதற்கு மேல் ஒட்டுவது வண்டியின் கனத்தையும் பெட்ரோல் செலவையும் கூட்டுவதுதான்.

தடுப்பின் இலக்கணம் வேறு. இங்கே கனம்தான் தெய்வம். ஒரு தடுப்பின் கனத்தை இரட்டித்தால், சாஸ்திரப்படி சுமார் 6 டெஸிபல் சப்தம் குறையும். ஆனால் அந்தத் தடுப்பில் ஓட்டை இருக்கக்கூடாது. நூற்றில் ஒரு பங்கு இடம் திறந்திருந்தாலும், மற்ற தொண்ணூற்றொன்பது பங்கும் எவ்வளவு கனமாக இருந்தபோதிலும், 20 டெஸிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கோட்டை மதில் எவ்வளவு உயரமானால் என்ன, திட்டிவாசல் திறந்து கிடந்தால்? கதவு விளிம்பில் காய்ந்து வெடித்த ரப்பர் பீடிங்கை மாற்றாமல் விலை உயர்ந்த தகடுகளை வாங்கி ஒட்டுவது இப்படிப்பட்ட காரியமே.

மெல்லிய பஞ்சும் நுரை ரப்பரும் கிறீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் குடித்துவிடும். ஆழ்ந்த முழக்கத்தின் முன்னால் அவை செயலற்றுப்போகும். விநாடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் அலை ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளம். அரை அங்குலப் பஞ்சு அதை என்ன செய்யும்? சித்தப்பாவின் காரில் கேட்ட 'ஹும்' என்ற முழக்கம் இந்த ஜாதியைச் சேர்ந்தது. அதை அது பிறக்கும் இடத்திலேதான் பிடிக்க வேண்டும்.

ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வயோதிக மெக்கானிக்கிடம் போனோம். அவர் தகட்டைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். குளிர்ந்திருந்த எஞ்சினை ஓடவிட்டு, புகை வெளிவரும் வாயைக் கனத்த துணியினால் ஒரு கணம் லேசாக அடைத்தார். 'உஸ்' என்று பாம்பு சீறுவதுபோல வண்டியின் நடுவிலிருந்து ஒரு சப்தம் வந்தது. சைலென்ஸருக்கு முன்னால் குழாய் இணையும் இடத்தில் ஒரு வெடிப்பு. அதற்கு நேர் மேலே, காரின் தரையில், கம்பி செல்லும் துவாரத்தை மூடியிருந்த ரப்பர் மூடி உளுத்து விழுந்திருந்தது.

"ஐயா, பின்னால் உட்காருகிறவர்களுக்குத் தலை நோகுமா?" என்று அவர் கேட்டார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சித்தியைப் பார்த்தேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு கலந்திருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைச் சுமக்க வேண்டிய ரத்தச் சிவப்பணுக்களை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல். அளவு மிஞ்சினால் மரணம். மாதக்கணக்கில் சித்தியின் தலையை நோகச் செய்தது சப்தமல்ல. சப்தத்தோடு கூட வந்த புகை. சப்தம் வாஸ்தவத்தில் சேதி சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதன் வாயை அடைக்கத் தகடு தேடிக்கொண்டிருந்தோம். முதலில் தகட்டை ஒட்டி முழக்கத்தைச் சிறிது தணித்திருந்தால், குழாயை யார் பார்த்திருப்பார்கள்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: காரில் போகும்போது மட்டும் தலைவலியும் குமட்டலும் வந்து, இறங்கிக் காற்று வாங்கினால் தெளிவதாக வீட்டில் யாராவது சொன்னால், அதைப் பலவீனம் என்று தள்ளாதீர்கள். கண்ணாடிகளை இறக்குங்கள், வண்டியை நிறுத்துங்கள், புகைக் குழாயைச் சோதிக்கும் வரையில் அதில் யாரையும் ஏற்றாதீர்கள். பின்பக்கத்து டிக்கிக் கதவைத் திறந்தபடி ஓட்டுவதும் ஆபத்து. ஓடும் வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்துவிடும்.

குழாய் மாற்றப்பட்டது. புகைக் குழாயைத் தொங்கவிடும் ரப்பர்களும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களும் கல்லாய் இறுகிப் போயிருந்தன, அவையும் மாற்றப்பட்டன. தரைத் துவாரத்துக்குப் புது மூடி வந்தது. ஒரு தகடுகூட ஒட்டுவதற்கு முன்பே அந்த 'ஹும்' போய்விட்டது!

மிச்சமிருந்தது சாலை இரைச்சல். மணிக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சாதாரணமாக எஞ்சினைவிட டயரின் சப்தமே ஓங்கி நிற்கும். சொரசொரப்பான ஜல்லிச் சாலையில் அது இன்னும் கூடும். ஒருபுறமாகத் தேய்ந்த டயரும், கெட்டுப்போன சக்கர பேரிங்கும் ஓயாமல் ஊளையிடும். அவற்றையும் பார்த்தபிறகுதான் தகட்டுக்கு முறை வந்தது.

ஆசனங்களையும் கம்பளத்தையும் எடுத்தபோது அடியிலிருந்த பழைய விரிப்பு ஈரமாக இருந்தது, அதன்கீழ் துரு. ஈரத்தின்மேல் தகட்டை ஒட்டுவது புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவது போலாகும். துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, நன்றாய் உலர்த்தி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அதன்பிறகே ப்யூடைல் தகடுகளை உருளையால் அழுத்தி ஒட்டினார்கள். விலை மலிவென்று தார்த் தகட்டை வாங்க வேண்டாம் என்று மெக்கானிக் தடுத்தார். நம் கோடையில் கூரையிலும் கதவிலும் தார் இளகித் தொங்கும். வண்டிக்குள் நாற்றமும் அடிக்கும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துவாரங்களை அடைக்காமலும், ஆசனத்தின் கீழுள்ள மின்கம்பிகளை நசுக்காமலும் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தரைமீது கனத்த பஞ்சு விரிப்பு ஒன்று போட்டார்கள்.

இந்தப் பஞ்சு விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார்க் கம்பளத்தின் அடியில் இடும் இவ்வகை விரிப்பைப் பெரும்பாலும் பழந்துணியையும் ஆலைக் கழிவுப் பஞ்சையும் கிழித்து அழுத்தியே செய்கிறார்கள். ராஜபாளையம் மில் 1936-இல் ஆரம்பமான காலந்தொட்டுப் பஞ்சோடு உறவாடி வரும் வட்டாரம் நம்முடையது. நூலாகத் தகுதியற்றது என்று ஒதுக்கப்படும் பஞ்சுக்கும் இப்படி ஒரு கௌரவமான உத்தியோகம் உண்டு என்பதை நம் ஊர் இளைஞர்கள் கவனிக்கலாம்.

பலன் என்ன? கர்ப்பக்கிருக மௌனம் வந்துவிடவில்லை, வராது. 10 டெஸிபல் குறைந்தால்தான் சப்தம் பாதியானதாகக் காதுக்குத் தோன்றும். தகட்டினால் மட்டும் அவ்வளவு கிடைப்பது அரிது. ஆனால் இரைச்சலின் கரகரப்புப் போய்விட்டது. கதவைச் சாத்தினால் 'டப்' என்று கனமாகச் சாத்துகிறது.

கடைசியாக ஒன்று. சைலென்ஸர் என்ற சாதனத்துக்கு அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-ஆம் வருஷம் உரிமை பெற்றார்கள். உலகம் நூறு வருஷங்களுக்கு மேலாகச் சப்தத்தை அடக்கப் பாடுபட்டு வர, நம் வாலிபர்கள் சிலர் அதைக் கழற்றிவிட்டு ஊரை அதிர வைப்பதில் பெருமை கொள்கிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒலி விதிகளை மீறி வண்டி ஓட்டுவதற்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெஸிபல், இரவில் 45 டெஸிபல் என்று 2000-ஆம் வருஷத்து விதிகள் எல்லை வகுத்திருக்கின்றன. சட்டம் கிடக்கட்டும். காருக்குள்ளே ஒட்டும் தகடு நம் காதை மட்டும் காக்கும். பழுதில்லாத சைலென்ஸரோ திண்ணையில் தூங்கும் குழந்தையையும் காக்கும். அந்த மலையடிவாரத்துச் சாம்பல் நிற அணில்களுக்கென்று 1988-ஆம் வருஷம் சரணாலயம் அமைத்தோமே, அவற்றுக்கும் கொஞ்சம் அமைதி தேவை அல்லவா?

வேலை முடிந்த மறுநாள் மாலை வ. புதுப்பட்டிக்குத் திரும்பினோம். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தான். பின் ஆசனத்திலிருந்து சித்தி மெதுவாக, "எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்றாள்.

முன்னாலிருந்த சித்தப்பா திரும்பி, "ஆமாம். உனக்குத் தலை எப்படி இருக்கிறது?" என்றார்.

"நோகவில்லை" என்றாள்.

இரண்டு பேரும் குரலை உயர்த்தவே இல்லை.