எட்டு லட்சத்தில் ஏழை, ஒன்றேகால் லட்சத்தில் பணக்காரர்

போன மாதம் ஒரு அக்காவோடு கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போயிருந்தோம். கணவருக்கு இதயத்தில் அடைப்பு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்க வேண்டும், அதற்கு வருமானச் சான்று வேண்டும். ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்த வி.ஏ.ஓ., "பையன் என்ன பண்றான்?" என்றார். சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை, கைக்கு 13,000 வருகிறது என்று அக்கா மறைக்காமல் சொன்னார். "அப்ப வராதும்மா, வருசத்துக்கு ஒன்றரை லட்சம் தாண்டுதே. வாசல்ல பைக் வேற நிக்குது."

தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். அதில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் பிள்ளை இவன்தான். அவன் சம்பளமே அப்பாவின் சிகிச்சைக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. வெளியே நின்றிருந்த ஒருவர், "பையன் பேரைக் கார்டுல இருந்து எடுத்துட்டு வாங்க, வேலை முடிஞ்சிடும்" என்று இலவசமாக யோசனை சொன்னார். பெற்ற பிள்ளையைக் குடும்பத்திலிருந்து நீக்கினால்தான் இந்தத் திட்டத்தில் ஒருவர் ஏழை ஆக முடியும்.

அந்த அலுவலரைத் திட்ட நாம் இதை எழுதவில்லை. அவர் விதியைத்தான் சொன்னார். நமக்கு அந்த விதியோடுதான் வழக்கு.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. முன்பு வரம்பு 72,000-ஆக இருந்தது, பிறகு உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் மாதத்துக்கு 10,000தான், அதுவும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து. 2025-26-இல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அதே கூலியில் கணவனும் மனைவியும் ஆளுக்கு 200 நாள் உழைத்தால் 1,34,400 ரூபாய். தகுதி போய்விட்டது! ஆண்டில் பாதி நாளுக்கு மேல் வேலை கிடைத்தாலே நாம் வசதியானவர்கள்.

இப்போது இன்னொரு கோட்டைப் பாருங்கள். 2019-இல் அரசமைப்புச் சட்டத்தின் 103-ஆவது திருத்தத்தின் வழியாகப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு அதில் இடமில்லை. அங்கே நலிவின் வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். மாதம் 66,000 ரூபாய் வருகிற வீடு நலிந்த வீடாம். 13,000 வருகிற சேரி வீடு தேறிவிட்டதாம். கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்கு நடுவில் ஒரு கோடு இருப்பதும் தெரியும்: நம் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு வரம்பு இரண்டரை லட்சம். ஒரே நாட்டில் ஏழைக்கு எத்தனை அளவுகோல்! முன்னேறிய சாதியின் ஏழ்மையை அளக்கும்போது மட்டும் கோல் நீண்டுகொள்கிறது.

"வரம்பை எடுத்துவிட்டால் பணக்காரன் புகுந்துவிடுவான்" என்று நம் பக்கத்து ஆட்களே சொல்கிறார்கள். தோழர்களே, அவர் எப்போதோ புகுந்துவிட்டார். நிலத்து வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவர் 72,000 என்று சொன்னால் அது சான்றாகிவிடும். ஊர்த் தெருவில் டீயும் கொடுத்து உட்காரவைத்து எழுதித் தருவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். சம்பளம் வங்கியில் வரவாகும் தூய்மைப் பணியாளருக்கோ, கம்பெனிக்குப் போகும் பிள்ளைக்கோ அந்த வசதி இல்லை. வருமானச் சான்று வருமானத்தை அளப்பதில்லை, அந்த அறையில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதைத்தான் அளக்கிறது.

"அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே" என்பது அடுத்த கேள்வி. நாமும் அரசு மருத்துவமனையைத்தான் நம்புகிறோம், அதை வலுப்படுத்தச் சொல்லித்தான் போராடுகிறோம். ஆனால் பெரிய அறுவை சிகிச்சை என்றதும் அங்கேயும் "கார்டு இருக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லும் குடும்பத்தின் முகத்தை வார்டு வாசலில் நின்று பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

வருமானம் கேட்காமல் காப்பீடு கொடுக்கவே முடியாதா? முடியும். 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் தரும் திட்டத்தை 2024 அக்டோபரில் ஒன்றிய அரசே தொடங்கியது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் திட்டத்தில் வருமான வரம்பு இல்லை. சரியான முடிவு. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் பயனாளிகளை எடுத்த 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு, கிராமத்தில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பமாக இருப்பதையே ஒரு நலிவுக் குறியீடாக வைத்தது. அதே கணக்கெடுப்பு, பைக்கோ பிரிட்ஜோ இருந்தாலே வீட்டை வெளியே தள்ளியது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் மாதம் 10,000-க்கு மேல் சம்பாதித்தாலும் தள்ளியது. 2011-இல் வைத்த அதே 10,000 இன்றைக்கும் நம் கழுத்தில் தொங்குகிறது. அதற்குப் பிறகு திருமணமாகித் தனிக் குடித்தனம் போன பிள்ளைகளின் வீடுகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

நாம் கேட்பது இதுதான். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றும் ரேஷன் கார்டும் போதும் என்று ஆக்குங்கள். மற்றவர்களுக்கும் வரம்பு வேண்டுமானால், 8 லட்சம் என்று நீங்களே போட்ட கோடு இருக்கிறதே, அதைப் போடுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் "வராது" என்று வாயால் சொல்லி அனுப்பப்பட்டவர்களிடம் போங்கள். மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேட்டு மனு போடுங்கள். வாய்ச்சொல்லை வைத்து மேல்முறையீடு போக முடியாது. அக்காவின் மனுவை எழுதிவிட்டோம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கிறோம். மகன் பெயரைக் கார்டிலிருந்து எடுக்கவில்லை.