குழந்தைகளுக்கு ஒரு குடக் கணக்கு

"தண்ணீரை வீணாக்காதே" என்று நம் குழந்தைகளுக்குப் போதிக்கிறோம். நல்ல போதனைதான், ஆயினும் அது பாதிப் பாடமே என்பது நமது அபிப்பிராயம். அடையாற்றில் குழாயைத் திருகியவுடன் நீர் பெறும் மாடி வீட்டுக் குழந்தைக்கும், மயிலாப்பூர்ச் சந்தொன்றில் தாயுடன் லாரிக்குக் காத்து நிற்கும் குழந்தைக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுகிறோம். இரண்டாவது குழந்தையிடம் வீணாக்குவதற்கு என்ன இருக்கிறது?

யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்பதே மறு பாதி. சிறு குழந்தைக்கு லிட்டர் விளங்காது, குடம் விளங்கும். ஒரு குடத்துக்கு ஏறக்குறைய 15 லிட்டர் என்று கொள்வோம்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் சென்னை வந்தது. அதில் 25 இலட்சம் லிட்டர் இருந்தது. அதாவது சுமார் 1,66,000 குடம். திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளும் நகரத்துக்கு நீர் ஈந்தன. நகரத்துக் குழந்தை அருந்திய நீரில் ஓர் உழவனின் வயற்பங்கும் கலந்திருந்தது. இதை அக்குழந்தை அறிய வேண்டாமா?

தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2018-இல் தலைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு கட்டினார்கள். நம் கணக்கில் அது மூன்று குடமும் சிறிது மேலும். வசதியுள்ளோர் இதைப் பெருந்துன்பமென எண்ணினர். அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பொதுக் குழாயில் நீர் சுமப்போருக்கோ நெடுநாள் வழக்கம். தியாகராய நகரைப் பற்றியும் சொல்லலாம். 1920-களில் ஒரு நீண்ட ஏரியின் படுகையில் எழுந்த நகர் அது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்னும் பெயர் இன்றும் உண்டு. ஏரி எங்கே என்று குழந்தையே கேட்கட்டும்.

பிஞ்சு மனத்தில் ஏற்றத்தாழ்வைப் புகட்டலாமா என்று சிலர் வினவக்கூடும். வரிசையில் நிற்கும் குழந்தை அதை முன்னரே அறியும். அறியாதது மற்றக் குழந்தையே. ஆனால் ஓர் எச்சரிக்கை: "உன் வீட்டில் எத்தனை குடம்?" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்டு எந்தக் குழந்தையையும் நாணச் செய்யலாகாது. தெருக்களையும் ஊர்களையும் ஒப்பிட்டால் போதும்.

அங்கத்தினர்களே! தலைமடைக்காரன் மடையை அடைக்காவிடில் கடைமடை காயும் என்பதை உழவர் அறிவர். சாயத்தொட்டிக்கு நீரின்றேல் தறியும் ஓயும் என்பதை நெசவாளர் அறிவர். முறை வைத்துப் பங்கிடுதலே கூட்டுறவின் முதற் பாடம். ஒவ்வொரு சங்கமும் தன் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் ஓர் உழவரையும் ஒரு நெசவாளரையும் அனுப்பட்டும். கையில் ஒரு குடம் இருந்தால் போதும். பாடம் தானே நடக்கும்.