டீயின் நிறம் மருந்தாகுமா?

காலை நேரத்தில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் வந்து பாருங்கள். டீக்கடைக்கு டீக்கடை ஒரே குரல்தான்: "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க!"

ஸ்ட்ராங் என்று நாம் கேட்பதில் பாதி நிறம்தான். அந்த நிறத்துக்கு இப்போது புதுப் பெருமை வந்திருக்கிறது. "டீயில இருக்கிற நிறப்பொருள் குடல் புற்றுநோயைத் தடுக்குமாமே?" என்கிறார்கள்.

முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை!

பறித்த தேயிலையை நசுக்கிக் காற்றாட விடும்போது, அதிலுள்ள கேட்டச்சின் என்ற பொருள்கள் மாறி, தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற நிறமிகள் ஆகின்றன. முதலாவது பொன்னிறம், அடுத்தது செம்பழுப்பு. இவற்றில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போய்விடுகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள்தான் இவற்றை உடைக்கின்றன. விஞ்ஞானிகளின் கண் பெருங்குடல் மீது விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சோதனைச் சாலையில் புற்றுச் செல்களின் வளர்ச்சியை இவை மட்டுப்படுத்தியும் இருக்கின்றன.

ஆனால், கண்ணாடித் தட்டு வேறு, நம் வயிறு வேறு! பச்சைத் தேயிலை பற்றி 11 லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்ட 142 ஆய்வுகளை, காக்ரேன் அமைப்பு 2020-ல் ஒன்றாக வைத்து அலசியது. புற்றுநோயைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே, விலை கூடிய 'கிரீன் டீ' பாக்கெட்டை மருந்தென்று நம்பி வாங்க வேண்டாம். பிடித்தால் குடியுங்கள், அவ்வளவுதான்.

என் கவலை வேறு. மலத்தில் ரத்தம் போனால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "உடம்பு சூடு", "மூலமா இருக்கும்". வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைக்கிறோம். அது மூலமாகவே இருக்கலாம். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர், நாமல்ல. மலம் கழிக்கும் பழக்கம் திடீரென மாறுவது, காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை இவையும் எச்சரிக்கைகளே. குடலில் தோன்றும் சிறு கட்டிகள் புற்றாக மாறப் பல வருஷம் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் கொலோனோஸ்கோப்பியிலேயே அகற்றிவிடலாம். சிங்கப்பெருமாள் கோயில்காரர்களுக்கு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்ன தூரமா? ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன்!

டீயை நிறுத்தச் சொல்லவில்லை. சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள்:

* கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் எச்சரித்தது.

* சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ரத்தசோகையுள்ள பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

* ஈரமான வடிதாளில் கொஞ்சம் டீத்தூளைத் தூவி வைத்து, பிறகு தூளை எடுத்துவிட்டுத் தாளைக் கழுவிப் பாருங்கள். பளிச்சென்று சாயக் கறை தெரிந்தால் அது கலப்படம்!

குடலுக்கு நிச்சயமான நண்பர்கள் கீரையும், கேழ்வரகும், கொய்யாவும், தினசரி நடையும்தான். புகையிலையும் மதுவும் எதிரிகள். டீயை ருசிக்காகக் குடியுங்கள். சந்தேகம் வந்தால் டீக்கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்!