வாடகை பேசாமல் லோடு ஏற்றாதே

"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று அந்த மருத்துவமனை மேனேஜர் கேட்டபோது எனக்கு வாயே வரவில்லை. இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நாலரை வருஷம் பிசியோதெரபி படித்திருந்தேன். எந்தத் தசைக்கு எந்த நரம்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் ஒரு நாள் உழைப்புக்கு என்ன விலை என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

"நீங்க பார்த்துக் கொடுங்க சார்" என்றேன். பார்த்துத்தான் கொடுத்தார். மாதம் 12,000. பி.எஃப். கிடையாது. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எல்லாம் அவர்களிடமே இருக்கும். "ஃப்ரெஷர்தானேம்மா, எக்ஸ்பீரியன்ஸ் கிடைக்கும்ல?"

என் கண்ணைத் திறந்தது ஒரு லாரி டிரைவர் அண்ணன். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து வந்தவர். ஒருநாள் அவர் விரல்களைப் பிரித்து நீட்டிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, உனக்கு இங்க எவ்வளவு தர்றாங்க?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாடகை பேசாம எவனாவது லோடு ஏத்துவானாம்மா?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளுக்கு 20 நோயாளிகள், மாதம் 26 நாள். ஆக 520 சிட்டிங். ஒரு சிட்டிங்குக்கு அவர்கள் வாங்குவது 300 ரூபாய். மொத்தம் 1,56,000. என் பங்கு அதில் பதின்மூன்றில் ஒன்று. ஒரு சிட்டிங்குக்கு 23 ரூபாய்! கட்டட வாடகை, மெஷின், கரண்ட், ரிசப்ஷனில் இருப்பவரின் சம்பளம் எல்லாம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதையெல்லாம் கழித்தாலும் இந்தக் கணக்கு நியாயமாகவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு வார்த்தையை எடுத்து நம் வாயில் திணிப்பார்கள்: சேவை. சேவை என்றால் நோயாளியிடம் 300 ரூபாய் வாங்குவது ஏன்? பில்லில் வியாபாரம், சம்பளத்தில் மட்டும் சேவையா?

சரி, நான் ஏமாந்தால் என்னோடு போகட்டும். ஆனால் என்னோடு போவதில்லை. எட்டு மணி நேரத்தில் 20 பேர் என்றால் ஆளுக்கு 24 நிமிடம். குறிப்பு எழுதுவதும் அதற்குள்தான். பக்கவாதம் வந்த கைக்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தால்தான் மூளை அதை மறுபடி கற்கும். அதற்கு நேரம் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். நான் என்ன செய்தேன்? ஒருவர் முட்டியில் ஐ.எஃப்.டி. ஒயரை ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினேன். அந்த டிரைவர் அண்ணனுக்குப் பல நாள் கிடைத்தது பத்து நிமிடம்தான். என் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது அவர் விரல்களிலும் சேர்த்துத்தான் பிடிக்கப்பட்டது.

இதில் மருத்துவமனைகளை மட்டும் திட்டித் தப்பிக்க நான் தயாரில்லை. சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் நம் சீனியர்களில் எத்தனை பேர் ஜூனியருக்கு ஒழுங்காகக் கொடுக்கிறார்கள்? வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சிட்டிங்குக்கு 700 வாங்கிக்கொண்டு 250-ஐ நீட்டியவர், நம் சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துத் தொழிலின் மானத்தைப் பற்றிப் பேசியதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பெட்ரோல் என் செலவு.

2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக்கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்ககத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுநாளே அதை வாபஸ் வாங்கினார்கள். அந்த ரெண்டு நாளும் எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் எப்படிக் கொதித்தன தெரியுமா! அதே குழுக்களில் "டி.பி.டி. வேலை, 10,000 சம்பளம், உடனே சேரலாம்" என்ற விளம்பரம் வந்தபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கீழே "இன்ட்ரஸ்டட்" என்று நாற்பது பேர். பட்டப்பெயருக்காக வந்த கோபத்தில் பாதியாவது சம்பளத்துக்காக வரக்கூடாதா?

2021-இல் வந்த மத்தியச் சட்டம், குறைந்தது 3600 மணி நேரம் படித்தவரைத்தான் ஹெல்த்கேர் புரொபஷனல் என்கிறது. பதிவேடும் கவுன்சிலும் அதில் உண்டு. ஆனால் நம் சம்பளத்தை எந்த கவுன்சிலும் வந்து பேசித் தராது. நாமேதான் பேசணும்.

எனவே, இந்த வருஷம் படிப்பு முடிக்கும் தங்கச்சி, தம்பிகளே, கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். நாளுக்கு எத்தனை நோயாளிகள்? பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு? வீட்டு சிட்டிங்கில் என் பங்கு என்ன? பி.எஃப். உண்டா? 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், 15,000-க்குள் சம்பளம் வாங்குபவருக்கு பி.எஃப். கட்டாயம். அது அவர்கள் போடும் பிச்சை கிடையாது. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் கேட்டால் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். முக்கியமாக, நீங்கள் வாங்கும் சம்பளத்தை உங்கள் பேட்ச்மேட்டிடம் சொல்லுங்கள். அதை மறைக்கும்வரை லாபம் அவர்களுக்குத்தான்.

நான் அந்த வேலையை விட்டபோது சர்ட்டிஃபிகேட்டைத் திரும்ப வாங்க மூன்று வாரம் நடந்தேன். அடுத்த இடத்தில் அதே கேள்வி வந்தது: "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

"ஒரு நாளைக்கு எத்தனை பேஷன்ட் சார்?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் எண்களைப் பேச ஆரம்பித்தோம்.